துணி காயும் ஊர்

பள்ளிக்கூடத்தில் காலநிலை வகைப்பாடு நடத்தும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுவர்ப்படத்தின் மேல் கோபம் வரும். வருஷ மழையையும் வெப்பத்தையும் கணக்குப் பார்த்து உலகத்தையே பிரித்தவர்கள், எங்கள் தென்காசிப் பக்கம் முழுக்க ஒரே நிறத்தை அப்பிவிட்டார்கள். நான் பிறந்த திருவேங்கடமும் வாழ்க்கைப்பட்ட குற்றாலமும் அதில் ஒன்றுதான். ஆனியில் திருவேங்கடத்தில் புழுதி பறக்கும். குற்றாலத்தில் துவைத்த துண்டு நாள் கணக்கில் காயாது. இது எப்படி ஒன்றாகும்?

அப்படிக் கோபப்படுகிற நானே, அப்பா இறந்து அம்மா தனியானதும், "ஒரே ஜில்லாதானம்மா, வந்திரு" என்று அடம்பிடித்துக் குற்றாலத்துக்குக் கூட்டி வந்தேன். வந்த வாரமே சாரல் பிடித்தது. சாரல் பெரிய மழையில்லை, ஆனால் விடாது. எனக்கு அது உயிர். அம்மாவுக்கோ இளைப்பு வந்துவிட்டது. படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சுக்குப் போராடினாள். ஈரம் ஆகாது என்றார் டாக்டர்.

"என்னைய ஊர்ல கொண்டு விட்டுரு ஏட்டி. ஒன் சாரலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"அங்கன தனியா கெடந்து என்னம்மா செய்யப்போற? நான் விடமாட்டேன்" என்று கத்திவிட்டேன். அவளை இங்கே வைத்திருக்கவும் பயம், அங்கே அனுப்பவும் பயம்.

என் கணவர் அப்போது ஈரத்துணி மூட்டையை பைக்கில் கட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் வேலை. சாரல் காலத்தில் எங்கள் வீட்டுத் துணியெல்லாம் அவரோடு போய், கடை மொட்டைமாடியில் காய்ந்து, சாயங்காலம் திரும்பி வரும். மலைக்காற்று அங்கே எட்டும், சாரல் எட்டாது.

"அத்தையும் அங்கன இருந்தா என்ன? எல்லாரும் வீட்டை மாத்திட்டுப் போயிருவோம்" என்றார்.

அந்த இளைப்பிலும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன மாப்ள, என்னையும் துணியோட சேத்துக் காயப்போடப் போறியளா?"

போட்டோம்! ஆடி பிறந்துவிட்டால் குடிபோகக் கூடாதே என்று, அதற்குள் அவசர அவசரமாக பாவூர்சத்திரத்தில் வீடு பிடித்தோம். அம்மாவுக்கு இளைப்பு அடங்கியது. மெல்ல மாடியேறித் துணி காயப்போடுகிற அளவுக்குத் தேறிவிட்டாள்.

நான்தான் அந்த மாடியில் நின்று, மேற்கே மலைமேல் மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஏன் நிற்கிறேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. ஒரு சனிக்கிழமை அம்மா வந்து பக்கத்தில் நின்றாள். அவளும் கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தாள்.

"நாளைக்கு லீவுதான? குத்தாலம் போயி ஆசை தீர நனைஞ்சிட்டு வா ஏட்டி. துணிய நான் காயப்போடுதேன்."