அப்பா போட்ட துரைத் தொப்பி

எங்கள் வீட்டில் ஆட்களைவிடத் தலைகள் அதிகம். பதுளைக் கடைவீதியில் அப்பா தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமாருக்குத் தொப்பி செய்து கொடுத்தார். ஒவ்வொரு துரையின் தலை அளவுக்கும் ஒரு மரத்தலை கடைந்து, அதன் நெற்றியில் தோட்டத்தின் பெயரைச் சுண்ணாம்பால் எழுதி, பரணில் வரிசையாக அடுக்கியிருப்பார். கண்ணும் மூக்கும் இல்லாத அந்தத் தலைகளுக்குக் கீழேதான் நான் பாய் விரித்துப் படுப்பேன். மற்றப் பிள்ளைகள் பேய்க்குப் பயந்தார்கள். எனக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. நான் துரைக்குப் பயந்தேன்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. சந்தைக்கு வரும் தோட்டத்துப் பெண்கள் அம்மாவிடம் சொல்லும் கதைகளில் துரைக்கு முகமே கிடையாது, தொப்பி மட்டும்தான். தேயிலைக்கு மேலே தொப்பி தெரிந்தால் ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு, மழைத்தண்ணீர் ஓடும் பாதையோரக் காணுக்குள் இறங்கி நிற்க வேண்டும். பெண்கள் குனிந்த தலையை நிமிர்த்தக் கூடாது. நான் சோறு உண்ண மறுத்தால் அம்மாவும், “அந்தா தொப்பி வருது பாரு” என்பாள். சோறு தானாக இறங்கும்.

அப்பாவுக்கு மட்டும் அந்தப் பயம் இல்லாததுபோல் இருந்தது. கீழ்நாட்டுக் குளங்களிலிருந்து கட்டுக்கட்டாக வரும் நெட்டித் தண்டைத் தாள்போல் சீவுவார். பசை தடவி மரத்தலையின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டே, அந்தந்தத் துரையின் குரலில் பேசிக் காட்டுவார். “தொரைக்கு மூள இருக்கோ இல்லியோ, தல இருக்கு. நம்ம பொழப்புக்கு அது போதும்” என்பார். தொப்பியின் பின்விளிம்பை மற்றவர்களைவிடச் சற்று நீட்டி இறக்குவது அவர் வழக்கம். மழை பிடரியில் ஒழுகாது என்று துரைமார் மெச்சினார்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் மழைக்குக் கம்பளியை மடித்துத் தலையில் போடுகிறார்களே, அந்தக் கொங்காணியைப் பார்த்துத்தான் அவர் அதைக் கற்றார். துரைமாரிடம் இதை அவர் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தொப்பியைக் கழற்றி எறிந்திருப்பார்கள்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. மரத்தலையில் காய்ந்த தொப்பி மரத்துக்குத்தான் பொருந்தும், உயிருள்ள தலையின் சூடு பட்டால்தான் விளிம்பு நிற்கும் என்பார். ஆகவே கொடுப்பதற்கு முன்பு, தலையில் துண்டை அளவாகச் சுற்றி, அதன்மேல் தொப்பியை வைத்துக்கொண்டு கொல்லையில் கொஞ்ச நேரம் நடப்பார். கதவை அடைத்துவிட்டுத்தான் நடப்பார். தமிழன் துரைத் தொப்பியில் நடப்பதை யாராவது பார்த்துவிட்டால் பிழைப்பு போய்விடும்.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, பூனாகலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் துரைக்கு ஒரு தொப்பி கொண்டுபோக வேண்டியிருந்தது. அம்மா பிள்ளை பெற்றுப் படுத்திருந்ததால் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டார். பண்டாரவளை வரைக்கும் மாட்டு வண்டி, அதற்கு மேலும் கொஞ்ச தூரம் வண்டி, பிறகு தேயிலைக்குள் குறுக்குப் பாதை. வழியெல்லாம் மழை. பாதையில் ஏறியதும் மழை விட்டு, பனிமூட்டம் இறங்கியது. அப்பா கூடையைத் திறந்து பார்த்துவிட்டு, “சேசுவே” என்றார். ஈரம் ஏறித் தொப்பியின் விளிம்பு வாடிய வெற்றிலையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

பாதையின் இருபுறமும் பார்த்தார். யாரும் இல்லை. துண்டைச் சுற்றித் தொப்பியைத் தலையில் வைத்து விளிம்பை விரலால் நீவினார். குளிருக்காகப் பழைய கோட்டு ஒன்று போட்டிருந்தார். வெறுங்கூடையை என் தலையில் கவிழ்த்து, “நீயும் ஒன்னு போட்டுக்க” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இடுப்புக்குக் கீழே தேயிலை மறைத்திருக்க, முன்னால் மூட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தது என் அப்பா இல்லை. அது தொப்பி.

அப்போதுதான் மேலேயிருந்து ஆட்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. நான் செடிக்குள் புகுந்துகொண்டேன். தலையில் பானையும் சுருட்டிய பாயுமாக ஒருவன் வந்தான். பின்னால் அவன் மனைவி, மார்போடு கட்டிய கைக்குழந்தையுடன். தொப்பியைக் கண்டதும் பானை விழுந்து உடைந்தது. இருவரும் சேற்றில் விழுந்தார்கள். “தொரைகளே, புள்ளைக்கு ஒடம்பு சரியில்லீங்க, காப்பாத்துங்க தொரைகளே” என்று அந்தப் பெண் கதறினாள்.

அவர்கள் தோட்டத்தை விட்டு ஓடிப்போகிறவர்கள். துரை எழுதிக் கொடுக்கும் துண்டுச்சீட்டு இல்லாமல் தோட்டத்தைத் தாண்டினால் அந்தக் காலத்தில் சிறை. இதெல்லாம் சந்தைப் பெண்கள் சொல்லி எனக்கே தெரியும். அவர்களைத் துரத்திக்கொண்டு கையில் பிரம்புடன் வந்த கங்காணியும் மேல் திருப்பத்தில் தெரிந்தான். தொப்பியைப் பார்த்ததும் அவன் தலைத்துண்டை உருவிக்கொண்டு, அங்கேயே காணுக்குள் இறங்கித் தலை குனிந்தான்.

அப்பா அசையாமல் நின்றார். தொப்பியைக் கழற்றுவார், “நான்தானுங்க” என்று சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் கழற்றவில்லை. விளிம்பை இன்னும் கீழே இழுத்து, கங்காணிக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்.

“ஏய்! என்னா பாக்குது? போ! இந்தத் தோட்டத்துல நீ வேணாம்! ஜல்தி போ!”

துரையின் குரல். கடையில் கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்த அதே குரல்தான். அன்று அதைக் கேட்டு நான் செடிக்குள் இன்னும் ஒடுங்கிக்கொண்டேன். புருஷன்காரன் எழவே இல்லை. முகத்தைத் தரையோடு வைத்திருந்த அந்தப் பெண்தான் மெல்லக் கண்ணைத் திறந்தாள். அவள் கண்ணுக்கு நேரே அப்பாவின் கால்கள் இருந்தன, சேறு அப்பிய வெறுங்கால்கள். அவள் அதையே பார்த்தாள். பிறகு தலையை உயர்த்தித் தொப்பிக்குள் இருந்த முகத்தைப் பார்த்தாள். அந்தக் கால்களை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியை வைத்தாள். அப்பா காலை உதறிக்கொண்டு, “போ!” என்று இன்னும் உரக்கக் கத்தினார். அவள் புருஷனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, என்னைக் கடந்து கீழ்ப்பாதையில் ஓடினாள். குழந்தை அழக்கூட இல்லை.

“கங்காணி! மலைக்குப் போ! வேலை பாரு!” என்றார் அப்பா, திரும்பாமலே.

“சரிங்க தொரைகளே.”

அவன் போன பிறகும் அப்பா வெகுநேரம் தொப்பியைக் கழற்றவில்லை. பிறகு கழற்றிவிட்டு என் பக்கம் கையை நீட்டினார். “வா புள்ள” என்றார், அவருடைய குரலில். நான் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. அது பச்சைப் பிள்ளைக்காரியைக் குளிரில் விரட்டிய கை. பங்களாவில் துரை தொப்பியை வைத்துப் பார்த்து, கச்சிதம் என்று தட்டிக்கொடுத்தார். திரும்பும் வழியில் நான் வண்டிக்காரரோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். வீட்டில் அப்பா உருட்டிக் கொடுத்த சோற்றை வாங்கவில்லை. அம்மா கவலையோடு, “என்னங்க, புள்ள ஏன் ஒங்களக் கண்டா மெரளுது?” என்று கேட்டாள். “மலக் காத்து பட்டுருக்கும். விடு, கேக்காத” என்றார் அவர்.

சில நாட்கள் கழித்து அந்தக் கங்காணி எங்கள் கடைக்கு வந்தான். அப்பாவின் முதுகையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று முழுதும் துரை பங்களாவை விட்டு இறங்கவே இல்லை, அன்றுதான் அப்பா மகளோடு தொப்பி கொண்டுவந்தார் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்துபோயிருந்தது. ஆனால் சாட்சியில்லாமல் துரையிடம் போனால், தொப்பிக்காரனுக்குச் சலாம் போட்டு ஆட்களைத் தப்பவிட்ட கதையையும் அவனேதான் சொல்ல வேண்டும். குந்தி உட்கார்ந்து என்னை அருகே கூப்பிட்டான்.

“பாப்பா, அன்னைக்கு அப்பாகூட நம்ம தோட்டத்துக்கு வந்தீல்ல? குறுக்குப் பாதையில யாரு தொப்பி போட்டுருந்தா? சொல்லு, கல்கண்டு தாறேன்.”

தொப்பிக்கு மேல்துணி தைத்துக்கொண்டிருந்த அப்பா ஊசியை நிறுத்தவில்லை. “நல்லாக் கேட்டுக்கங்க. சின்னப்புள்ள பொய் சொல்லாது” என்றார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் மடியில் பாதி தைத்த தொப்பி ஒன்று இருந்தது. அவர் அதை எடுத்துத் தலையில் வைத்துவிடுவார், அந்தக் குரல் வந்துவிடும் என்று தோன்றியது. ஓவென்று அழுதுகொண்டு உள்ளே ஓடினேன். “பெத்த புள்ளைய இப்பிடியா மெரட்டி வச்சிருக்கிறது?” என்று கங்காணி அலுத்துக்கொண்டு எழுந்து போனது கதவுக்குப் பின்னால் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் அப்பா உள்ளே வந்தார். என் தலையில் கை வைத்தார். நான் உதறிவிட்டு அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்தேன். அவர் நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டு கடைக்குத் திரும்பினார். அதற்குப் பிறகும் பல மாதங்கள் நான் அவரை நெருங்கவில்லை, அவரும் ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை.

அம்மாவிடமே அவர் உண்மையைச் சொன்னது நான் கல்யாணமாகிப் போன பிறகுதான். என்னிடம் அன்று பாதையிலேயே சொல்லியிருந்தால், எங்கப்பா எவ்வளவு நல்லவர் தெரியுமா என்று அந்தக் கங்காணியிடம் நானே வாய் நிறையப் பெருமை பேசியிருப்பேன். தன் மகளைப் பற்றி அப்பாவுக்கு அவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்தது. அப்பாவைப் பற்றி மகளுக்குத்தான் ஒன்றுமே தெரியவில்லை.