உரியாத கம்பி

யார் வீட்டு அடுக்களைக்குள் நுழைந்தாலும் லோர்னா ட்வேட்டின் கட்டைவிரல் நகம் ஒட்டாத வாணலியைத் தேடிப் போகும். ஓரத்தில் ஒரு கீறு. பூச்சு எழும்பினால், "இது தாங்காதும்மா, தூக்கிப் போடு" என்பாள். மினியாபொலிஸுக்கு வடக்கே அந்தப் பேட்டையில், இவளை விருந்துக்குக் கூப்பிடுகிற சர்ச் பெண்கள் நல்ல பாத்திரங்களை முன்கூட்டியே ஒளித்து வைத்துவிடுவார்கள்.

எல்லாம் தொழில் புத்தி. இதயத்துக்குள் செலுத்துகிற பேஸ்மேக்கர் கம்பியின் மேல் பாலிமர் உறை ஒன்று உண்டு. அது உரிந்தால் மின்சாரம் கசியும், துடிப்பு தவறும். அந்த உறை எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதுதான் லோர்னாவின் வேலை. உடம்புச் சூட்டில் ஓர் உப்புநீர்த் தொட்டி. அதற்குள் கம்பிகளை ஓயாமல் மடக்கி நிமிர்த்துகிற இயந்திரம். உரிந்த கம்பியை நுண்ணோக்கியில் வைத்து, எங்கே போயிற்று, ஏன் போயிற்று என்று குடைந்தெடுப்பாள். இத்தனை தடவை மடக்கவேண்டும் என்ற கெடு முடியும்வரை உரியாத கம்பியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது பாஸ்; சோதனையில் மடங்கியது விற்பனைக்கு ஆகாது, நேரே குப்பைக்கூடை.

போன மாதம் கடையில் முட்டைப் பெட்டியோடு மயங்கி விழுந்தாள். பேஸ்மேக்கர் வைத்தே தீரவேண்டும் என்றார் டாக்டர். எந்தக் கம்பி என்று கேட்டாள். சாட்சாத் இவள் கம்பெனிக் கம்பியேதான். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தவள், குளியலறையில் இன்னொரு தடவை சாய்ந்த பிறகும் யோசித்துக்கொண்டே இருந்தாள். பயம்தான், வேறென்ன? கண்ணை மூடினால் வெடிப்பு விட்ட உறையும் பல்லிளிக்கும் கம்பியுமாக வந்து நின்றால் யாருக்குத்தான் பயம் வராது!

அவள் கணவன் வெர்ன் அதிகம் பேசமாட்டான். அந்தப் பக்கத்து ஆண்களுக்கு அதுதான் லட்சணம். ஞாயிற்றுக்கிழமை, தட்டில் இருந்த உருளைக்கிழங்கைக் கிளறியபடி கேட்டான்.

"இத்தனை வருஷமா ஊரார் நெஞ்சுக்குள்ள போறதுக்கெல்லாம் சரின்னு சொன்னவ நீதானே? உன் நெஞ்சுன்னா மட்டும் கசக்குதோ?"

"அவங்க மூஞ்சிய நான் பார்த்ததில்ல, வெர்ன்."

சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் பேச்சு அவளுக்கே உறைத்தது. வெட்கமாகப் போயிற்று.

மறுநாள் காலை வேலைக்குப் போனபோது இயந்திரம் கெடு முடித்து நின்றிருந்தது. ஒரு கம்பிகூட உரியவில்லை. அள்ளிய கை பழக்கத்தில் குப்பைக்கூடைப் பக்கம் போய், பாதியில் நின்றது. ஒன்றைத் துடைத்து நுண்ணோக்கியில் வைத்தாள். மடிப்பு வாங்கிய இடத்தில் லேசாக வெளுத்திருந்தது, அவ்வளவுதான். அடுத்ததைப் பார்த்தாள். அதற்கடுத்ததையும் பார்த்தாள். காபி ஆறியது; தேறிய கம்பிகளை இவள் என்னத்துக்கு ஆராய்கிறாள் என்று பக்கத்து மேசைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கடைசிக் கம்பியை மட்டும் அவள் நுண்ணோக்கியில் வைக்கவில்லை. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, டாக்டர் தொட்டுக் காட்டிய இடத்தில், காறையெலும்புக்குக் கீழே அதை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டாள்.