கண்ணீர் சார்

"வீட்ல யாருக்காவது உடம்பு முடியாம இருந்திருக்கா?" என்று கேட்டுக்கொண்டே சிவப்புப் பென்சிலைச் சீவுகிறார் கண்ணீர் சார். எதிரே உட்கார்ந்திருக்கும் பையன் பேந்தப் பேந்த விழிக்கிறான். பக்கத்தில் இருக்கும் அம்மாதான் யோசித்துச் சொல்கிறாள்: "போன வருஷம் எங்க நாய் செத்துப்போச்சு சார்."

"நாய் பத்தாதும்மா. இந்த வருஷம் நெறைய பேருக்கு நாய் செத்திருக்கு."

கண்ணீர் சார் என்ற பெயர் பிள்ளைகள் வைத்தது. ஒருகாலத்தில் அவர் கணக்கு டியூஷன் சார். மதிப்பெண் இருந்தால் பல்கலைக்கழகத்தில் இடம் என்றிருந்த வரை மாடியறையில் கால் வைக்க இடமிருக்காது. பிறகு எல்லோரும் முழு மதிப்பெண் வாங்கத் தொடங்கிவிட்டார்கள். யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது? வாழ்க்கையில் நீ பட்ட துன்பத்தைக் கட்டுரையாக எழுது என்றன பல்கலைக்கழகங்கள். கணக்குக்கு ஆள் வரவில்லை. சாரும் கரும்பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, துன்பக் கட்டுரைகளைத் திருத்திக் கொடுப்பதில் இறங்கினார்.

இதைப் பிழைப்பு என்று சொல்ல வாய் கூசுகிறது. ஆனால் ஆள் கெட்டிக்காரர். "அழுதேன்னு எழுதாத. உங்கப்பா செருப்பு அன்னிக்கு எங்க கெடந்துச்சு, அத எழுது" என்பார். நல்ல வரி ஒன்று அகப்பட்டால் அதைச் சுற்றி வட்டம் போட்டு, தாளின் உச்சிக்கு அம்புக்குறி இழுப்பார். "இதுல ஆரம்பி. சீட் உனக்குத்தான்." பெரும்பாலும் அவர் சொன்னது தப்பியதில்லை.

இந்த வருஷம் அவருடைய மகளின் முறை. அம்மா தவறிப்போன பிறகு அப்பாவுக்கும் மகளுக்கும் இடையே "சாப்டியா", "சாப்டேன்" என்பதோடு பேச்சு சரி. கட்டுரை அனுப்பக் கடைசி நாளன்று அவள் மாடியேறி வந்தாள். மாணவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து தாளை நீட்டினாள்.

"அப்பாவா பாக்காதீங்க. சாரா பாருங்க. எனக்கு இந்த சீட் வேணும்."

படித்தார். அம்மா சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது, பிறகு கீழறைக் கட்டில், மருந்து நெடி. எல்லாம் அவர் பல தாள்களில் பார்த்ததுதான். பாதிக்கு மேல் இப்படி இருந்தது: 'அம்மா கடைசியாக அப்பாவைக் கேட்டாள். மாடிக்கு ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். யாரோ ஒரு பையனின் துக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்த அப்பா, அஞ்சு நிமிஷம் என்றார்.'

அவள் தட்டியது அவருக்கு நினைவிருந்தது. எதற்கென்று அவள் இதுவரை சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை.

"இது இருக்கணுமா?" என்றார்.

"தெரியலப்பா. நீங்கதான் சொல்லணும்."

அவள் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கேட்டாள். அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

பிறகு பென்சிலை எடுத்தார். சைக்கிள் வரிகளைக் கோடிட்டு அடித்தார். மருந்து நெடியை அடித்தார். கதவைத் தட்டிய அந்த வரிகளைச் சுற்றி, கோணலாக, ஒரு வட்டம் போட்டார். அதிலிருந்து தாளின் உச்சி வரை அம்புக்குறி இழுத்தார்.