சீனி போடாத தேத்தண்ணி

ஜப்பானுக்கு டிக்கெட் போட்ட நாளிலிருந்து எனக்கு ஒரே பயம், அங்கே என் கணவர் ஏதாவது செய்து மானத்தை வாங்கிவிடுவார் என்று. ஒத்திகை பார்க்க நினைத்தேன். ரொறன்ரோவில் ஒரு ஜப்பானிய அம்மா தேநீர்ச் சடங்கு பழக்குகிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு சனிக்கிழமை, கனடாவில் நாங்கள் இருக்கும் விட்பியிலிருந்து இவரை இழுத்துக்கொண்டு போனேன்.

"தேத்தண்ணி குடிக்க இவ்வளவு தூரம் கார் ஓட வேணுமோ? வீட்டில கேத்தில் இல்லையே?" என்று நெடுஞ்சாலை முழுக்கப் புறுபுறுத்தார்.

அறையில் பாய். முழந்தாளை மடித்துக் குதிக்காலின் மேல் உட்கார வேண்டும். கிமோனோ உடுத்த ஆசிரியை ஒரு சிறு துணியை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த அகப்பையைத் துடைத்தார். கோயில் பூசையைவிட நீளமாகப் போனது. அங்கேயாவது இடையிடையே மணி அடிப்பார்கள்.

முதலில் பூப்போல ஓர் இனிப்பு வந்தது. எல்லோரும் சாப்பிட்டோம். இவர் மட்டும் கையில் பொத்தி வைத்திருந்தார்.

"சாப்பிடுங்கோப்பா," என்றேன்.

"உது தேத்தண்ணியோட கடிக்கிறதுக்கு."

பனங்கட்டியைக் கடித்தபடி வெறுந்தேத்தண்ணி குடித்து வளர்ந்த மனிதர். இனிப்பை முதலில் முடிக்க வேண்டும் என்று ஆசிரியை மெல்லிய ஆங்கிலத்தில் சொன்னதும், முழுசாக வாய்க்குள் போட்டு, கன்னம் புடைக்கக் குனிந்து வணங்கினார். ஆசிரியையும் குனிந்தார். மரியாதைக்கு இவர் திரும்பக் குனிந்தார். அவரும் விடவில்லை. நான் சட்டையைப் பிடித்து இழுத்திராவிட்டால் இன்றைக்கும் இருவரும் குனிந்துகொண்டிருப்பார்கள்.

பச்சை நுரையோடு கிண்ணம் வந்தது.

"சீனி?" என்று காதுக்குள் கேட்டார்.

"வாயை மூடிக்கொண்டு குடியுங்கோ."

கிண்ணத்தைச் சொன்னபடி திருப்பி, குடித்தார். கடைசி மிடறை 'சுர்ர்ர்' என்று உறிஞ்சியது அறை முழுக்கக் கேட்டது. கல்யாணம் கட்டிய காலத்திலிருந்து நான் சண்டை பிடித்துவரும் சத்தம் அது. தலை குனிந்துகொண்டேன். ஆசிரியையோ முகம் மலர்ந்துபோனார். அப்படித்தான் உறிஞ்ச வேண்டுமாம்! ஒரு சொட்டு விடாமல் ரசித்துக் குடித்தேன் என்பதற்கு அதுதான் அடையாளமாம். மற்றவர்களும் இவரைப் பார்த்துப் பழகலாம் என்றார்.

இவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

என் முறை வந்தது. உறிஞ்சினேன். புரைக்கேறி, பச்சைத் தேநீர் மூக்கால் வந்தது. எழுந்து வெளியே ஓடலாம் என்றால் இரண்டு காலும் விறைத்துப் போயிருந்தன. அப்படியே பக்கத்தில் சரிந்தேன். ஆசிரியை ஒரு கையையும் இவர் மறு கையையும் பிடித்துத் தூக்கி, சப்பாத்து கழற்றும் இடத்தில் கிடந்த கதிரையில் இருத்தினார்கள்.

என் காலைத் தேய்த்துவிட்டபடி ஆசிரியை குரலைத் தாழ்த்திச் சொன்னார்: வீட்டில் தான் குடிப்பது கோப்பியாம், அதுவும் குசினி அடுப்படியில் நின்றபடியே.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அதற்குள் இவர் அங்கே கிடந்த பதிவேட்டில் அடுத்த சனிக்கிழமைக்கும் பெயர் எழுதிவிட்டு வந்தார்.

"நீரும் வாறீரோ?"

"ஓம், வாறன்," என்றேன். "எனக்குக் கதிரை போடச் சொல்லுங்கோ."