மூன்று கேள்விகளும் ஒரு சனிக்கிழமையும்

"சந்திப்பு நேரத்தின் முதல் கால் மணியை எழுத்து வேலையில் கழிப்பவர், குழந்தையிடம் ஈடுபாடு குறைவு" என்கிறது நீதிமன்ற அதிகாரியின் அறிக்கை. அதில் பொய் ஒன்றும் இல்லை, உண்மையும் இல்லை.

பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் அந்தத் தாய்க்கு 'டேப்பு அக்கா' என்று பேர். கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. ஊரார் பிள்ளைகள் வருஷத்துக்கு எவ்வளவு வளர்வார்கள் என்று கண்ணாலேயே சொல்லிவிடுவாள். தன் எட்டு வயது மகளை மட்டும் சனிக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு வரை, நீதிமன்றத்தின் குழந்தைகள் அறையில்தான் பார்க்கலாம். மற்ற நாட்களில் எட்டு வயது அளவுச் சட்டை கைக்கு வந்தால், காலரை இன்னொரு தடவை நீவிவிட்டுத்தான் மடிப்பாள்.

அடித்த புருஷனை விட்டு அவள் வெளியேறியது ஒரு காலையில். மகளைப் பள்ளியிலிருந்து அப்படியே கூட்டிக்கொண்டு போவதாகத் திட்டம். பள்ளி விடும் மணி அடிப்பதற்கு அரைமணி முன்னாலேயே அவன் வந்து கூட்டிப் போயிருந்தான். மனைவி கைக்கு எட்டவில்லை, மகள் எட்டினாள். வழக்கு முடியும்வரை மகள் அவனிடமே. மகளை அவன் அடிக்கவில்லை, வேலை கொடுத்தான்.

"மூணு கேள்விம்மா," என்று மகள் வாரா வாரம் விரலை மடக்குவாள். "யார்கூடப் பேசறே? எங்கே குடியிருக்கே? கடையிலேருந்து எத்தனை மணிக்குக் கிளம்புவே?"

"பதில் கிடைக்கலேன்னா?"

"அப்பா ரெண்டு நாள் என்கூடப் பேச மாட்டார்."

அதனால்தான் அந்த எழுத்து வேலை. "எழுதிக்கோடி. அம்மா தையல் மிஷின்கூடப் பேசறா. அதுவும் எண்ணெய் விடலேன்னா முணுமுணுக்குதாம்." மகள் சிரித்துக்கொண்டே எழுதுவாள். வேவு பார்க்க வந்தவளை மடியில் உட்காரவைத்து, எழுத்துப்பிழையும் திருத்திக் கொடுத்த தாய் வேறு யாரும் இருக்க முடியாது. மிச்ச நேரம் தலைவாரல், விளையாட்டு, கதை.

போன சனிக்கிழமை நாலாவது கேள்வி வந்தது.

"எப்போம்மா வீட்டுக்கு வருவே? நீ வந்துட்டா தினம் உன்கூடத் தூங்கலாம்னு அப்பா சொன்னார்."

தூக்கத்தில் வயிற்றின் மேல் காலைத் தூக்கிப் போடும் பிள்ளை. அந்தக் கால் கனத்துக்காக அவள் அடியைக்கூட வாங்கிக்கொள்வாள் என்பது அவனுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அதுதான் வில்லங்கம்.

"வர்றேன்னு எழுதிக்கட்டுமா?" பென்சில் தாளைத் தொட்டுவிட்டது.

"வேண்டாம்டா கண்ணு. அங்கே நான் வர மாட்டேன். அது உன்னால இல்ல."

மகள் அழ ஆரம்பித்தாள். அறை மூலையில் உட்கார்ந்திருந்த அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "என்னம்மா, குழந்தையை அழவைக்கிறீங்க?"

மகள் அழுது முடிக்கும்வரை அவள் மடியை விட்டு இறக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு அனுப்பிவைத்தாள். பிறகு அதே அதிகாரியிடம் ஒரு தாள் வாங்கி, இனிமேல் குழந்தையிடம் கேள்விகள் கொடுத்தனுப்பக் கூடாதென்று மனு எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.