பழைய பேப்பர் முழுக்க எங்க பட்டப்பேரு

நீங்க லவ் பண்ற பொண்ணோட பட்டப்பேரு என்னன்னு கேட்டு வச்சிருக்கீங்களா? கிண்டல் பேர சொல்லலங்க. கல்யாணப் பத்திரிகையில அப்பா பேருக்குப் பின்னாடி கெத்தா ஒண்ணு வருமே, அந்த வம்சப் பேரு. எங்க பக்கம் ஒரே பட்டம்னா பங்காளி. பங்காளி வீட்டுப் பொண்ணு தங்கச்சி. அவ்ளோதான், கதை முடிஞ்சுது. காலேஜ் ஐடி கார்டுல வெறும் இனிஷியல்தான் இருக்கும். நான் லவ் பண்ற பொண்ணுகிட்ட நானும் கேக்கல, அவளும் சொல்லல.

எம்.ஏ. ப்ராஜெக்ட்டுக்கு பழைய பேப்பர்ல டெல்டா ஆளுங்க பத்தி வந்த ராணுவச் செய்தி, யுனிவர்சிட்டி செய்தியெல்லாம் தேடணும். தஞ்சாவூர் லைப்ரரியில ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல வச்சிருக்காங்க. போரடிச்சுதுன்னு எங்க பட்டத்த அடிச்சுப் பாத்தேன். அய்யோ, கொட்டுது! ஒருத்தர் பர்மா சண்டைக்குப் போயி உயிரோட திரும்பி வந்த ஹவில்தார், ரயிலடியில மேளம் வச்சு மாலை போட்ருக்காங்க. ஒருத்தர் பி.ஏ. பாஸ். ஒருத்தர் காலேஜ் ஹாக்கி கேப்டன். இன்னொருத்தர் பட்டமளிப்பு விழாவுல மேடையிலேயே மயங்கி விழுந்து, அதுக்கும் நியூஸ்ல வந்துட்டாரு. எனக்கு தல கால் புரியல. எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஃபேமிலி க்ரூப்ல தள்ளிட்டேன்.

க்ரூப்பு பத்திக்கிச்சு. சித்தப்பா உடனே வாய்ஸ் நோட்டு: "தம்பி, அந்த ஹவில்தாரு வேற யாருமில்ல, எங்க தாத்தாவுக்கு கூடப் பொறந்தவரு! அந்த மீசையப் பாரு, அப்படியே உங்க அப்பா!" பேப்பர்ல போட்டோவே இல்ல. மயங்கி விழுந்தவர மட்டும் யாருமே சொந்தம் கொண்டாடல.

அதே ஸ்க்ரீன்ஷாட்ட அவளுக்கும் அனுப்பி, "எங்க வம்சம், பயந்துக்கோ"ன்னு போட்டேன்.

ரிப்ளை வந்துச்சு: "லூசு, அந்த ஹவில்தாரு எங்க வீட்டு ஆளு. ஹால்ல யூனிஃபார்ம் போட்டு தொங்குறாரு."

எனக்கு அங்கேயே ஏசி வேலை செய்யல. பக்கத்துல இருந்த ஃப்ரெண்டு எட்டிப் பாத்துட்டு, "மச்சான், ராக்கி சிவப்புல வாங்கவா, மஞ்சள்ல வாங்கவா?"ன்னு ஆரம்பிச்சுட்டான். ஃபோன் பண்ணேன்.

"உங்க பட்டம் என்ன?"

"ஏன், இப்பதான் ஞாபகம் வந்துச்சா?"

"சொல்லித் தொலையேன்."

"பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன், நேர்ல வா."

கட் பண்ணிட்டா. புது பஸ் ஸ்டாண்டுக்கு வண்டிய எப்படி ஓட்டினேன்னு எனக்கே தெரியாது. திருத்துறைப்பூண்டி பஸ் நிக்கிற இடத்துல ஒரு கையில பப்ஸோட நிக்கிறா, சிரிப்ப அடக்க முடியாம.

"மூஞ்சியப் பாரு. அவரு எங்க அம்மாவோட தாத்தாடா. அம்மா பொறந்த வீடுதான் உங்க பட்டம். எங்க அப்பா பட்டம் வேற."

எனக்கு மண்டையில ஓட கொஞ்ச நேரம் ஆச்சு. "அப்ப உங்க அம்மா எனக்கு..."

"அத்தை."

"அப்ப நீ..."

"தங்கச்சின்னு சொல்லிப் பாரு, பப்ஸாலயே அடிப்பேன்."

முறைப்பொண்ணுங்க! லவ் பண்ணி, பேப்பர் தேடி, நேரா முறைப்பொண்ணுகிட்ட போயி நிக்கிற அதிர்ஷ்டம் எவனுக்கு வரும்? நான் கத்துன கத்துல கண்டக்டர் திரும்பிப் பாத்து, "ஏறுறியா, ஆடுறியா?"ன்னாரு.

வீட்டுக்குப் போயி அப்பாகிட்ட நைசா ஆரம்பிச்சேன். "அப்பா, அந்த ஹவில்தாரோட பேத்தி குடும்பம் திருத்துறைப்பூண்டியில இருக்காங்களாம். ஒரு பொண்ணு இருக்காம்."

அப்பா கண்ணாடிய கழட்டினாரு. "பொண்ணும் பேப்பர்லதான் வந்துச்சா?"

அம்மா அடுப்படியிலேருந்து களுக்குனு சிரிச்சுட்டாங்க. லவ்வுன்னு புரிஞ்சதும் அப்பாவுக்கு கோவம் வந்துச்சு, சண்டை போட்டாரு, காலையில சாப்புடல. ஆனா என்ன பண்றது, ஹவில்தாரு நம்ம ரத்தம்னு க்ரூப்ல சித்தப்பா சத்தியமே பண்ணிட்டாரு, அதுக்கு கை தட்டுனதும் அப்பாதான். இப்ப போயி இல்லன்னு சொல்ல முடியாது. கடைசியில, "சொந்தம்னு தெரிஞ்சப்புறம் போயி பாக்காம இருந்தா நல்லாருக்காது"ன்னு சித்தப்பாவையும் இழுத்துக்கிட்டு கெளம்பிட்டாரு. என்ன கூட்டிட்டுப் போகல.

இப்ப அப்பாவும் சித்தப்பாவும் அவங்க வீட்டு ஹால்ல, ஹவில்தாரு போட்டோவுக்கு கீழ உக்காந்திருக்காங்க, என்ன ஆச்சுன்னு அவ இன்னும் மெசேஜ் பண்ணல.