சாமி வராத பூசை

என் வீட்டுக்காரர் மேல் முனீஸ்வரர் வருவார். சுங்கைப் பட்டாணியில் கையுறைத் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. கரங்கான் பக்கத்துத் தோட்டக் கோயிலில் பூசை என்றால் அருள் வந்து வாக்குச் சொல்வார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். அது எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. நாங்கள் அதைத் தோண்டித் துருவியதும் இல்லை.

தொலைக்காட்சியில் சாமியாடுவதைக் கிண்டல் செய்யும் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி வந்தபோது முதலில் சிரித்தவரே அவர்தான். உடுக்கை அடிக்கிறது, ஒருவன் கண்ணைச் செருகிக்கொண்டு குதிக்கிறான், கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டு "என்னப்பா வேணும்?" என்கிறது. "தே தாரேக்! சீனி கம்மி! சாமிக்கு இனிப்பு நீர்!" என்று அவன் உறுமுகிறான். சாமி கேட்பது தேநீர், அதிலும் சாமிக்குச் சர்க்கரை நோயாம்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சாமி கும்பிடுகிறவர்களுக்குச் சாமியோடு விளையாட உரிமை இல்லையா என்ன?

ஆனால் சிரிப்பு வீட்டோடு நிற்கவில்லை. தொழிற்சாலைக் கேன்டீனில் அவர் தேநீர் வாங்கப் போனால், "அண்ணே, சீனி கம்மிதானே?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். தோட்டத்தில் பாதிப் பேர் பூசைக்கு வந்ததே அவரைப் படம் பிடிக்கத்தான். கும்பிட வேண்டிய கை கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு நின்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரைத் திட்டுவது? கெட்ட எண்ணத்தில் செய்தவர் என்று ஒருவர்கூட இல்லை.

என் அண்ணன் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். இனிப்பு நீர் முற்றி வலது பாதம் கறுத்துவிட்டது. பாதத்தை எடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

"பொத்தோங் பண்ணணும்னு டாக்டர் ஈசியா சொல்லிட்டாரு. வெட்டுறது என் காலு லா. முனீஸ்வரர் சொல்லட்டும், கையெழுத்துப் போடறேன்," என்றார் அண்ணன். அண்ணி அழுது பார்த்தார், நான் கத்திப் பார்த்தேன். அவர் அசையவில்லை.

அடுத்த பூசைக்கு அண்ணி அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார். உறுமி அடித்தார்கள். வழக்கமாக உறுமி சூடுபிடித்ததுமே என் வீட்டுக்காரரின் தோள் துடிக்கும். அன்று ஒன்றும் இல்லை. அடி கூடியது, சாம்பிராணி கண்ணை எரித்தது, அவர் வியர்த்து வழிந்தபடி சும்மா நின்றார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

தண்ணீர் கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் போனேன்.

"கண்ண மூடுனா அந்த டிவிக்காரன் மூஞ்சிதான் வருது," என்றார். "சாமி வரல."

"வராட்டி பரவால்ல. நீங்களே சொல்லிடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போடான்னு ஒரே ஒரு வார்த்தை. அண்ணன் உயிருங்க."

"நடிக்கச் சொல்றியா?"

"ஆமா. நடிங்க."

என்னைப் பார்த்தார். கேன்டீனில் அத்தனை பேர் கேலி செய்த நாட்களில்கூட அந்த முகம் அப்படி அடிபட்டு நான் கண்டதில்லை. நான் கேட்டது சரிதான் என்று இன்றும் சொல்வேன். அவர் செய்யாததும் சரிதான். இரண்டுக்கும் நடுவில் நின்றேன்.

அவர் உறுமியை நிறுத்தச் சொன்னார். அண்ணன் முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்து, சாதாரணக் குரலில், "மச்சான், சாமி வரல. நான் சொல்றேன், ஆஸ்பத்திரிக்குப் போங்க," என்றார்.

அண்ணன் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். "நீங்க சொல்வீங்க மாப்ள. டாக்டரும்தான் சொன்னாரு. சாமி வாய் தொறக்கலயே. அப்ப வேணாம்னுதானே அர்த்தம்?"

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அண்ணி காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு அழுதார்.

அந்த ஆண்டு தீபாவளிக்கு அண்ணன் இல்லை. நடுக்கூடத்தில் கிடத்தியிருந்தபோது, அவருடைய கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியவர் என் வீட்டுக்காரர்தான்.